சரிந்த தடி

இல்லை மாஸ்டர், அது எங்கள் குசினி அகப்பைதான். பிடியில் என் மனைவி சுட்டு வைத்த அடையாளம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுடையது என்று கடைசிவரை சாதித்தீர்கள், இப்போதும் சாதியுங்கள். இன்று நான் ஓட்டுகிற வானின் பின் ஆசனத்தைக் கழற்றியபோது அடியிலிருந்து உருண்டு வந்தது. எடுத்து அதால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றக் கண்ணுக்கும் ஒன்றும் வடிவாகத் தெரியவில்லை.

நம் சேவைச் சங்கம் கண் பரிசோதிக்கும்போது ஒரு கண்ணை மறைக்கிற கறுப்பு மூடி உடைந்த நாளில் இந்தச் சிரட்டை அகப்பையைக் கொண்டுவந்தவன் நான். கண் பரிசோதனைக்கு வந்த பிள்ளைகள் கறி மணக்கிறது என்று சிரித்தார்கள். "ஐசே, சங்கத்தின்ர மானம் சிரட்டையில போகுது" என்றீர்கள். ஆனால் பிறகு வேறு மூடி வாங்கவேயில்லை. பயந்த பிள்ளையும் அகப்பையைக் கையில் கொடுத்தால் சிரித்துவிடும் என்று கண்டுகொண்டீர்கள்.

சங்கம் பள்ளிக்கூடப் பை கொடுத்தது, பூச்சி மருந்து கொடுத்தது. செயலாளரான உங்களுக்குப் பிடித்தது கண்ணாடி கொடுப்பதுதான். குச்சவெளிக்கு அப்பால் அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில், மரத்தில் கட்டிய அட்டைக்குப் பக்கத்தில் எழுத்தைத் தொட்டுக் காட்டும் தடியோடு நின்றது வான் ஓட்டிய நான். அட்டையில் இருந்த ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று கால். கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் பிள்ளை கையைக் காட்டவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் செய்யக்கூடிய வேலை. நான் சரி, பிழை சொல்ல, நீங்கள் தூரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் குனிந்து எழுதினீர்கள். கண்ணில் குறை என்றால் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுதுவீர்கள். குறையில்லாத பிள்ளைக்கு ஒரு கோடு மட்டும்.

பச்சை ரிப்பன் கட்டிய பிள்ளை ஒன்று வந்து நின்றது. எட்டு வயதிருக்கும். முதல் எழுத்துக்கே கை மேலே போவதா கீழே போவதா என்று தடுமாறியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடவைத்ததும் அதே சிரிப்புத்தான், மாஸ்டர். பிள்ளைக்குக் கூச்சம், கண்ணில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எழுத்தின் கால் பார்க்கும் பக்கமாகத் தடியைக் கொஞ்சம் சரித்தேன். பிள்ளை சரியாகக் கையைக் காட்டியது. கடைசி வரி வரைக்கும் அப்படியே. நீங்கள் ஒரு கோடு இழுத்தீர்கள். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் வரும் வழியெல்லாம் விசிலடித்தேன்.

கண்ணாடி கொடுக்க மறுபடி போன அன்று, நீங்கள் மேடையில் நின்றபோது, அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்தது.

"ஐயா, எனக்கும் தருவீங்களோ?"

"உனக்குப் பருந்துக் கண்ணெல்லோ. பருந்து கண்ணாடி போடுமோ?"

பிள்ளை சிரிக்கவில்லை. "எனக்கு எழுத்து ஒண்டும் கண்ணுக்குத் தெரியேல்ல. நீங்கள் தடியைச் சரிச்சதைப் பாத்துத்தான் காட்டினனான்."

பிறகு தன் இடத்தில் போய் இருந்து, பாட்டுத் தாளை மூக்கில் முட்டப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிய நான் தனியே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பருவத்துக்கு வந்து கரையில் வாடி என்று ஓலைக் குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பமாம். வாடைக்காற்றுக்கு முன்பே வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாடிப் பிள்ளைகளின் பெயர் வரவு இடாப்பில் இல்லை, சும்மா வந்து இருக்க விடுவார்களாம். அந்தப் பிள்ளையைப் பேபி என்று கூப்பிடுவதாக ஆசிரியை சொன்னார். ஒருவேளை அங்கே இருப்பார்களோ என்று புல்மோட்டைக் கரையில் போய்ப் பேபி என்று விசாரித்தேன். மூன்று பேபிகள் வந்தார்கள், ஒன்றுக்கு மீசையும் இருந்தது. என் பேபி இல்லை. உங்கள் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கோடுகள். அதில் எந்தக் கோடு அந்தப் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? சங்கத்தில் சொன்னேன். பிள்ளை வரட்டும், கொடுப்போம் என்கிறார்கள்.

இப்போதும் தடி பிடிக்க நான்தான் போகிறேன். எந்தப் பிள்ளை தடுமாறினாலும் தடியை நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். றோட்டில் பச்சை ரிப்பன் கண்டால் கால் தானாகப் பிறேக்கில் போகிறது. பின்னால் வருகிறவன் ஏசுகிறான்.

கண்ணாடி கொடுத்த அன்றைக்கே உங்களிடம் சொல்லத் தொடங்கினேன், மாஸ்டர். வழியெல்லாம் வானில் நித்திரை கொண்டீர்கள். வீட்டுப் படலையில் இறங்கியதும், ஒரு பிழை நடந்துபோய்விட்டது, அந்தப் பச்சை ரிப்பன் பிள்ளைக்கு என்று ஆரம்பித்தேன். முன்பொருநாள் சங்கத் தலைவர் குடையோடு கடலில் விழுந்துவிட்டார் என்று பொய் சொல்லி உங்களைத் துறைமுகம் வரை ஓடவைத்தவன் நான். நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"ஏன் ஐசே, பிள்ளையும் கடலுக்குள்ள விழுந்திட்டுதோ? உம்மட கதையில பாதி பொய், மிச்சம் பகிடி."

"இல்ல மாஸ்டர், இது மெய். நான் அண்டைக்குத் தடியை..."

நீங்கள் திரும்பாமலே கையை ஆட்டிவிட்டு உள்ளே போனீர்கள்.