அம்மாவிடமே கேள்

லாபிஸ், ஜொகூர்.

அன்பு மகன் வசந்தனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் மாமா ராஜசேகரன் ஊரெல்லாம் சொல்லித் திரிவதை நம்பாதே. மெல்பர்னில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க முருகன் துணை இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பத்து மாதம் ஆகிறது. கை கால் ஏறக்குறைய பழையபடி வந்துவிட்டது, பேச்சுதான் சரியாக வரவில்லை. இதற்கு அபேசியா என்று பெயர். நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, ஆனால் சொல் வாய்க்கு வருவதில்லை, அவசரப்படுத்தினால் வேறு சொல்லாக வருகிறது. தண்ணீர் கேட்க நினைத்தால் ஊசி என்பாள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், ஆனால் நம் ஆட்கள் ஒருவருக்கும் புரியவில்லை. கோயில் தலைவர் அம்மாவுக்குக் காது போய்விட்டது என்று அவராகவே முடிவு செய்து முகத்துக்கு நேரே கத்துகிறார். உன் மாமா பெண்டாட்டி பிரேமளா இருக்கிறாளே, முப்பது வருஷமாக அம்மா தைத்த ரவிக்கையைத் தவிர வேறு போட்டதில்லை, அவள் ஒருநாள் வந்து கொடுத்த துணியையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தாறு என்பதற்கு அம்மா அறுபது என்று சொல்லிவிட்டாளாம். அளவு நாடாவைப் பிடித்த கை முப்பத்தாறில்தான் நின்றது, அதைப் பார்க்கக் கண் இல்லை. அக்காவுக்கு மூளை குழம்பிப்போச்சு, பாவம்லா என்று அம்மாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அந்தத் துணியை வேறு கடையில் கொடுத்து, தீபாவளியன்று தோள் இரண்டும் காதுக்கு ஏறி நிற்க வந்தாள். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

ஜொகூர் பாருவில் அபேசியா வந்தவர்களும் வீட்டு ஆட்களும் சனிக்கிழமை கூடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொன்னாள். விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போனோம். விஜிதா என்ற பெண்தான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், உன்னைவிடச் சின்னவள். முதல் நாள் வாழைப்பழப் படத்தைக் காட்டி இது என்ன ஆண்டி என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷம் தையல் கடை நடத்தியவளுக்கு வாழைப்பழமா காட்டுறீங்க என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, அப்படின்னா அடுத்த வாரம் ஆண்டியோட தையல் பெட்டியைக் கொண்டு வாங்க அங்கிள் என்றாள். அதோடு விட்டாளா, இன்னொண்ணு அங்கிள், நான் ஆண்டிகிட்ட அஞ்சு கேள்வி கேட்டேன், அஞ்சுக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க, அடுத்த வாரம் நீங்க வெளிய போய் டீ குடிங்க என்றாள். நேற்றுப் படித்துவிட்டு வந்தவள் எனக்குச் சொல்கிறாள்.

அடுத்த வாரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஹமிட் பாக்சிக் என்று ஒரு மலாய்ப் பெரியவர், முன்பு பஸ் ஓட்டியவர், பழைய மலாய்ப் பாட்டு முழுதாகப் பாடுவார், தன் பெயரைச் சொல்லச் சொன்னால் திணறுவார். அம்மா அவரை நிற்க வைத்து அளவெடுத்தாள். நாடாவைத் தோளில் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அறையில் பத்துப் பேர் இருந்தார்கள், ஒருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, சும்மா காத்திருந்தார்கள். கடைசியில் தோள் என்றாள். பிறகு பதினெட்டு என்றாள். பாக்சிக் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன், அவள் நன்றாகப் பேசிய காலத்தில்கூட நான் அவ்வளவு நேரம் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. பிரேமளாவைத் திட்டுகிறேன், நான் மட்டும் என்ன ஒழுங்கு.

இதற்கிடையில்தான் உன் மாமாவின் பெரிய சேவை. குளுவாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி, அங்கிருந்து சாந்தினி என்ற பெண்ணைச் சேர்க்கை விண்ணப்பப் பாரத்தோடு நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மச்சான், உங்களாலயும் எத்தனை நாள் பார்க்க முடியும், வசந்தனும் சரின்னுட்டான் என்று நீ அனுப்பிய மெசேஜை நீட்டினான். நல்ல யோசனை மாமா, அம்மாவுக்கு அங்கே வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு எது வசதி என்று அம்மாவைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உன்னைப் படிக்க வைத்தது இதற்கா என்று அந்த நேரத்தில் நினைத்தேன், இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

சாந்தினி என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆண்டிக்கு வரச் சம்மதமா அங்கிள் என்று. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, அவளையே கேளுங்க என்றேன். அவள் நாற்காலியைத் திருப்பி அம்மாவைக் கேட்டாள். அம்மா வாயைத் திறந்து மூடினாள், கழுத்து நரம்பு புடைத்தது. உன் மாமாவுக்குப் பத்து வினாடி பொறுக்கவில்லை, அதுக்கெல்லாம் ஒண்ணும் புரியாது, நீங்க எழுதுங்க என்றான். கூடப் பிறந்தவளை அது என்கிறான். அம்மா அவன் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நான், இங்க, என் வீடு, போக மாட்டேன் என்றாள். அவன் பக்கம் திரும்பி, நீ போ என்றாள், அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. சாந்தினி பாரத்தைப் பையில் வைத்தாள். அவங்க தெளிவா சொல்லிட்டாங்க சார் என்று உன் மாமாவிடம் சொன்னாள். போட்ட தேநீரைக்கூடத் தொடாமல் போனான், இதுவரை இந்தப் பக்கம் வரவில்லை, வீட்டில் நல்ல நிம்மதி.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மா எப்படி இருக்காங்க என்று என்னைக் கேட்காதே, நான் பதில் சொல்ல மாட்டேன். அம்மாவிடமே கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. லைன் போய்விட்டதோ என்று தோன்றும், போயிருக்காது, அவள் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பாள். உன்னைச் செல்வா என்று உன் சித்தப்பா பெயரால் கூப்பிடுவாள், திருத்தாதே, அழாதே, உன்னைத்தான் கூப்பிடுகிறாள். குளிர் தொடங்கியிருக்கும், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மருமகளுக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஏதாவது சேர்க்கவா என்று கேட்டேன், கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தேன். பிள்ளையை, ரொம்ப, திட்டாதீங்க என்றாள். அவள் சொன்னபடி அதையும் எழுதிவிட்டேன். மற்றதில் ஒரு வரியும் அடிக்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
காளியப்பன்