சீமெந்தைக் குழைத்தது நான்

மே 20, திங்கள்

ஓசி, நீங்கள் போய் இன்றைக்கு நான்கு மாதம்.

ஒஸ்வால்ட் சுருங்கி ஓசி. யோசெப்பின் சுருங்கி யோசி. "ஓசியில வேலை செய்யிறவரும் யோசிச்சு யோசிச்சுச் செய்யிறவளும்" என்று உங்களிடம் வேலை பழகிய மெல்ரோய் பகிடி பண்ணுவானே. இப்போது என்னை யோசி என்று கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அக்கா.

இந்த டயறி வருசத் தொடக்கத்தில் ஹார்ட்வெயார் கடையில் உங்களுக்குத் தந்தது. முதல் தாளில் 'ஒஸ்வால்ட் பாஸ்' என்று, ஊர் மேசனைக் கூப்பிடுகிற மாதிரியே, பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் வெறும் தாள். ஐந்தாம் வகுப்பு படித்தவள் எழுதுகிறேன், பிழை இருக்கும். பிடிக்க நீங்கள் இல்லை.

மெல்ரோய்தான் இப்போது மேசன். நான் அவனுக்குக் கலவை குழைத்துக் கொடுக்கிறேன். மோதரையில் ஒரு மதில் வேலை. மத்தியானம் ஸீனத் டீச்சர் போன் எடுத்தார். வீட்டுச் சுவரை ஒருக்கால் வந்து பார்க்கட்டாம்.

மே 21, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். போன செப்டெம்பரில் நாம் பூசிய நீளச் சுவர். வரதராசா ஐயா வீட்டுப் பக்கம் இருப்பது. பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. கீழேயிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும் ஈரம். உப்பு, மாவு மாதிரிப் பூத்திருக்கிறது. துறைமுகப் பக்கம் சரிகிற அந்தத் தெருவில் மழைத் தண்ணீர் முழுக்க வீட்டு அத்திவாரத்துக்குள்தான் இறங்கும். நூறு வருசத்துக்கு மேலாக இறங்குகிறது. இந்த மாதிரி ஒரு நாளும் ஆனதில்லை.

"பாருங்க யோசெப்பின், என்ட செவர. இது வரதராசாட பாத்ரூம் பைப்தான். ஒஸ்வால்ட் பூசின செவருல பிழை ஈக்காது."

விரல் மொழியால் தட்டினேன். சட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம். டீச்சர் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் ஆணியால் கீறினேன். சுண்ணாம்பு என்றால் மாவாக உதிரும். ஆணி வழுக்கியது.

டீச்சர் வந்ததும் "ஓம் டீச்சர், பைப்பாத்தான் இருக்கும்" என்றேன்.

மே 23, வியாழன்

வெசாக். சந்தியில் தன்சல், சும்மா கொடுக்கிற ஐஸ்கிரீம். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வாய் பழக்கத்தில் இரண்டு கேட்டது.

மே 26, ஞாயிறு

எழுதினால் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

டீச்சர் கேட்டது சுண்ணாம்புப் பூச்சு. நீங்களும் ஓம் என்றீர்கள். அந்த வீடு கபுக் கல்லால் கட்டியது. செம்மண் கல், உடம்பெல்லாம் துளை. மழைக்குத் தண்ணீரைக் குடிக்கும், வெயிலுக்கு விட்டுவிடும். மேலே சுண்ணாம்பு பூசினால்தான் அதற்கு மூச்சு. சீமெந்து பூசினால் குடித்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளே அழுகும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

சுண்ணாம்பு பீப்பாவில் மூன்று கிழமை ஊற வேண்டும். ஊறப் போட்ட நாலாம் நாள் டீச்சர் மகளைப் பார்க்கக் கண்டிக்குப் போனார். அன்று காலை "யோசி, சீமெந்து மூட்டையை அவிழ்" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "பாக்காத. அவிழ்."

அவிழ்த்தேன். குழைத்தேன். இரண்டு நாளில் முடித்து மேலே வெள்ளை அடித்தோம். ஊறிய சுண்ணாம்பை வடிகானில் ஊற்றினோம். டீச்சர் வந்து சுவரைத் தடவி, "மாஷா அல்லாஹ், பால் மாதிரி ஈக்கிது" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும்.

உங்களைக் கொண்டுபோன நெஞ்சு நோ அப்போதே தொடங்கியிருக்கும். மூன்று கிழமை பொறுத்துப் பூச ஏலாதென்று பயந்திருப்பீர்கள். அதுதான். வேறு என்ன?

யூன் 2, ஞாயிறு

கோவிலால் வரும்போது டீச்சர் வீட்டு வாசலில் சத்தம். புதுக்கடை லோயர் ஒருவரைக் கொண்டு வரதராசா ஐயாவுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார் டீச்சர். சுவரைத் திருத்தித் தராவிட்டால் வழக்காம். அந்த மனுசன் ரோசத்தில் தன் பாத்ரூம் நிலத்தையே ஆள் வைத்து உடைத்துப் பைப்பைத் திறந்து போட்டிருக்கிறார். அயலெல்லாம் எட்டிப் பார்க்கிறது.

"வந்து பாருங்கோ டீச்சர்! ஒரு சொட்டு ஈரம் இருந்தா என்ர மீசையை வழிக்கிறன்!"

"அந்த மீசை எனக்கென்னத்துக்கு? ஒங்கட பைப் இல்லாட்டி வேற எங்கால வருது?"

"உங்கட மண்டைக்குள்ளால வருது!"

பிறகு ஐயா என்னைக் கண்டார். "பிள்ளை, நீ வேலை தெரிஞ்ச ஆள். நீ சொல்லு. உன்ர மனுசன் ஒழுங்காத்தானே பூசினவர்?"

"ஓம் ஐயா. ஒழுங்காத்தான் பூசினவர்."

அவருடைய மனைவி இராமலெட்சுமி அம்மா முற்றத்துப் பைப்படியில் சீலையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயசு. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

யூன் 6, வியாழன்

டீச்சரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று மெல்ரோயிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அக்காவுக்கு விசரா? ஒஸ்வால்ட் பாஸ்ட ஆக்கள் எண்டுதான் நமக்கு வேலை தாறாங்க. செத்த மனுசன்ட பேரை நீங்களே ஒடைக்கப் போறீங்களா?"

"அந்த அம்மா முத்தத்தில குளிக்கிறா, தம்பி."

"ஒரு மாசம் குளிப்பாங்க. பிறகு ரெண்டு பேரும் சமாதானமாயிடுவாங்க. உங்களுக்கு அவர்ட பேரை விட்டா வேற என்ன இருக்கு?"

கலவை இறுகிவிட்டதென்று ஏசினான். உண்மையில் இறுகித்தான் போயிருந்தது.

யூன் 13, வியாழன்

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். மூன்று மணித்தியாலம் வரிசை. கிட்டப் போனதும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துத் தருவாராம். எனக்கு ஒன்றும் காணாமல் போகவில்லை. எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

யூன் 15, சனி

சொல்லிவிட்டேன்.

டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். உள்ளே போனால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி குடித்தால் வாய் வராது.

"டீச்சர், பைப் இல்ல. பூச்சு. நாங்க பூசினது சுண்ணாம்பு இல்ல, சீமெந்து."

விளங்கவில்லை அவருக்கு. சுவருக்கு மழைக்கோட்டுப் போட்டுப் பூட்டினால் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும், அந்த மாதிரி என்றேன்.

"ஒஸ்வால்ட் என்னட்ட சுண்ணாம்பு எண்டுதானே சொன்னாரு?"

"ஓம்."

"நான் கண்டிக்குப் போன நேரமா?"

"ஓம்."

"பொய்யா சொன்னாரு? ஒஸ்வால்டா?"

"நானும்தான் டீச்சர். குழைச்சது நான்."

"நான் அந்த மனிசன்ட மய்யித்துக்கு வந்து அழுதேனே, யோசெப்பின்" என்றார். பிறகு, "நீங்க போங்க."

வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன்.

யூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஏன் பொய் சொன்னீங்க? ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே. டீச்சர் என்ன, அடிக்கவா போறா? சுகமில்லை, பிறகு வந்து பூசுறன் எண்டு சொன்னா அவ நிண்டிருப்பா. என்னட்டயாவது சொன்னீங்களா? பாக்காத எண்டீங்க. நான் பாக்கேல்ல. அதுதான் நான் செய்தது. முப்பத்தொரு வருசம் உங்களோட இருந்திட்டு, பாக்காத எண்டதும் பாக்காம விட்டன் —

சோறு வைக்கவில்லை. பாணும் வாழைப்பழமும்.

யூன் 19, புதன்

டீச்சர் வீடு தேடி வந்தார். நம் படிக்கட்டு ஏற அவருக்கு முழங்கால் விடாது. இருந்தும் வந்தார். லோயருக்குப் போன் பண்ணிக் கடிதத்தை வாபஸ் வாங்கியாச்சாம். வரதராசாவிடம் போய் மன்னிப்பும் கேட்டாராம்.

"மீசைய வழிக்கத் தேவல்ல எண்டு சொன்னேன். அவரு சிரிக்கவும் இல்ல." தண்ணீர் கேட்டுக் குடித்தார். "செவர யாரு சரி பண்றது?"

"வேற ஆளை விசாரிச்சுத் தாறன் டீச்சர்."

"எனக்கு வேற ஆள் தேவல்ல. ஒடச்சது யாரோ அவங்களே செய்யட்டும். பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் படிப்பிச்சன்."

"எனக்குக் குழைக்கத்தான் தெரியும். பூசத் தெரியாது."

"மூணு கிழம ஊறணும் எண்டீங்களே? அதுக்குள்ள பழகுங்க."

யூன் 24, திங்கள்

காலையில் டீச்சர் வீட்டுப் பின்பக்கம் நீலப் பீப்பாவில் சுண்ணாம்பை ஊறப் போட்டேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாத்ரூம் நிலத்தைப் போட வந்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கு ஒழுங்காகப் பூசினவர் என்று சொன்னதற்காக.

வரதராசா ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூலி?"

"வேண்டாம் ஐயா."

"என்ன, ஓசியிலயா?"

அவருக்கு என்ன தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிற்க மாட்டேன் என்கிறது. வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. இராமலெட்சுமி அம்மா தண்ணீர் கொண்டுவந்து, நான் குடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். உள்ளே ஐயா சொல்வது கேட்டது: "நான் பிழையா என்ன கேட்டனான்?"

யூன் 29, சனி

நிலம் முடிந்து காய்ந்தும்விட்டது. வாட்டம் சரியாக இருக்கிறது, தண்ணீர் மூலையில் தேங்கவில்லை. இராமலெட்சுமி அம்மா கதவைச் சாத்திவிட்டுக் குளித்தார். வெளியே நின்று அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன்.

யூலை 3, புதன்

உடைக்கத் தொடங்கினேன். உளியை வைத்ததும் முதல் துண்டு பலகை மாதிரிக் கழன்று வந்தது. உள்ளே கல் முழுக்க நனைந்த பாண். உங்கள் தேய்ப்புப் பலகை ஓடிய வளைவெல்லாம் பூச்சில் தெரிகிறது. நல்ல கை. அழகான வேலை. பிழையான வேலை.

மத்தியானத்துக்குள் கால்வாசி.

யூலை 5, வெள்ளி

முடிந்தது. கல் காயட்டும். உள்ளங்கையில் நாலு கொப்புளம்.

யூலை 19, வெள்ளி

சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி வந்திருக்கிறது. முதல் பூச்சை நானே அடித்தேன். பின்னேரம் வாயிலிருந்து சாப்பாடு விழுகிற மாதிரி மொத்தமும் விழுந்தது. கல்லை நனைக்க மறந்துவிட்டேன்.

டீச்சர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பச் செய்ங்க" என்றார். வகுப்பில் சொல்வது மாதிரி.

யூலை 22, திங்கள்

மெல்ரோய் வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. "பாஸ் அம்மா, கரண்டியைக் கரண்டி மாதிரிப் பிடிங்க, அகப்பை மாதிரிப் பிடிக்காதீங்க" என்றான். பிறகு சேர்ட்டைக் கழற்றிவிட்டு மேல்பக்கத்தை அவன் எடுத்தான். பெயரைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. மோதரையில் மதில்காரன் விசயம் கேள்விப்பட்டு, "உண்மை சொல்ற ஆக்கள் எண்டா அடுத்த வேலையும் நீங்களே செய்ங்க" என்றானாம். அதைப் போகும்போது, செருப்பைத் தேடிக்கொண்டு, யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னான்.

ஓகஸ்ட் 10, சனி

கடைசி வெள்ளையும் அடித்தாயிற்று. உங்கள் சுவர் மாதிரி மட்டமாக இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு தெரியும். டீச்சர் தடவிப் பார்த்தார். பால் என்று சொல்லவில்லை. "மூச்சு விடுதா?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

மூன்று நாள் பெய்த மழை நேற்று நின்றது. டீச்சர் காலையில் போன் எடுத்தார். சுவர் நனைந்ததாம். இன்றைக்குக் காய்கிறதாம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, தனக்குத் தெரிந்த டோரின் அம்மா வீட்டிலும் சுவரில் ஈரம், போய்ப் பாருங்கள் என்றார்.

பின்னேரம் போனேன். லூசியா கோவிலுக்குக் கீழே, பழைய வீடு. ஹோல் சுவரில் உப்பு பூத்திருக்கிறது. தட்டினேன். சட்டிச் சத்தம். ஆணியால் கீறினேன். வழுக்கியது.

"இது ஆர் பூசினது அம்மா?"

"உங்கட ஒஸ்வால்ட் பாஸ்தானே! மகள்ட கலியாணத்துக்கு. ரெண்டாயிரத்துப் பதினெட்டு. சுண்ணாம்புதான் போட்டுத் தந்தாரு. தங்கமான மனுசன்."

பதினெட்டில் நான் கார்மென்ற்ஸில் தைத்துக்கொண்டிருந்தேன், உங்களோடு வேலைக்கு வரவில்லை. பதினெட்டில் உங்களுக்கு நெஞ்சு நோ இல்லை. இரண்டு மூட்டையை ஒரே தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுவீர்கள்.

"அது சீமெந்து, டோரின் அம்மா" என்றேன். இந்த முறையும் தேத்தண்ணி வரும் வரைக்கும் நான் நிற்கவில்லை. அழவும் இல்லை. திங்கட்கிழமை பீப்பா கொண்டுவருகிறேன், மூன்று கிழமை பொறுக்க வேண்டும் என்றேன். சரி என்றார்.

இறக்கத்தால் வரும்போது இரண்டு பக்கமும் பழைய வீடுகள். எதில் எதில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்னும் எத்தனை சுவர், ஓசி?