மூன்று தடவை நின்றால்

ஜூன் 9, செவ்வாய்

மழை. வாத்துகளுக்குக் கொண்டாட்டம், எனக்குச் சேறு. மேல் கொட்டகைக்கும் குளத்தங்கரைக் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் சரிவில் புது மின்சார வண்டி இன்று ஆறு நடை போய் வந்தது. போகும்போது தீவன மூட்டை, வரும்போது முட்டைத் தட்டு. நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு முட்டைகூட உடையவில்லை. பழைய பெட்ரோல் வண்டி போடும் சத்தத்தில் வாத்துகள் மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாதி முட்டை அங்கேயே கூழாகிவிடும்.

நாத்தனார் இன்னும் இதில் ஏறவில்லை. "மழையில கரண்டு வண்டி மேல உக்காரச் சொல்றியே, என் மேல உனக்கு என்ன கோவம்?" என்கிறார். வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருப்பதால் பண்ணையில் நாங்கள் இரண்டு பேர்தான். வண்டி நான் பிடிவாதம் பிடித்து வாங்கியது என்பதால் நாத்தனார் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று தடவை நின்றால் இதை விற்றுவிட வேண்டும், பெட்ரோல் பூதம் திரும்பி வரும். நானும் சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

ஏன் பயப்பட வேண்டும்? ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகளைப் பதினெட்டு வருஷம் கழுவிக் கொடுத்தவள் நான். என் கையில் ஒரு வண்டி கெட்டுப்போகுமா?

ஜூன் 10, புதன்

வெந்நீர், சோப்பு, பிரஷ். கடைசியில் கொட்டகைத் தரை கழுவும் மெஷினால் வண்டியின் அடிவயிறு வரை பீச்சி அடித்தேன். ஒரு இடுக்கு விடவில்லை.

ஜூன் 12, வெள்ளி

நின்றுவிட்டது. குளத்தங்கரையில், பதினாறு தட்டு முட்டையோடு. திரையில் ஒரு சிவப்பு விளக்கு, அப்புறம் 'பீப் பீப்'. முட்டை வண்டிக்காரர் எட்டு மணிக்கு வந்துவிடுவார். தட்டுகளைச் சுமந்துகொண்டு சேற்றில் எட்டு நடை நடந்தேன். நாத்தனார் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தது. வண்டி தானாகவே சரியாகிக் கிளம்பிவிட்டது. எங்கேயோ அழுக்கு மிச்சம் இருந்திருக்கிறது. வேறென்ன?

ஜூன் 13, சனி

இனிமேல் காலை ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை.

ஜூன் 16, செவ்வாய்

அடிப்பக்கம் பளபளக்கிறது. படுத்துப் பார்த்தால் என் முகம் தெரிகிறது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீ ஏம்மா வண்டிக்கு அடியில படுத்திருக்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 18, வியாழன்

காலையில் சார்ஜ் ஏறவே இல்லை. நேற்று கழுவிய கையோடு இரண்டு பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி, காற்றுகூடப் புகாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கருவி மூட்டை அப்படித்தான் கட்டுவோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. சார்ஜ் போடும் ஓட்டையில் முத்து முத்தாகத் தண்ணீர். நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார்.

ஜூன் 21, ஞாயிறு

மூன்று.

சரிவின் நடுவில். அழுகை வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னதான் வேணும் இதுக்கு? பெத்த பிள்ளைய குளிப்பாட்டற மாதிரி பாத்துக்கிட்டேனே! நாத்தனார் வியாழக்கிழமை வாங்குகிற ஆளை வரச்சொல்லிவிட்டார். விற்பதற்கு முன்னால் சரிபார்க்க மெக்கானிக் நாளைக்கு வருகிறார்.

ஜூன் 22, திங்கள்

மெக்கானிக் இருக்கைக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. ஒயர் இணைப்புகளில் பச்சையாகப் பூத்திருந்தது.

"இத யாரு கழுவறது?"

"நான்தான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எப்படிக் கழுவுகிறேன் என்பதையும் விவரமாகச் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "அக்கா, மழை இத ஒண்ணும் பண்ணாது. சேத்துலயும் தண்ணியிலயும் ஓடத்தான் செஞ்சிருக்கு. மெஷின் வச்சு பீச்சினா ரப்பரையெல்லாம் தள்ளிக்கிட்டு தண்ணி உள்ள போயிடும். இத உங்ககிட்ட இருந்துதான் காப்பாத்தணும்."

அவர் இணைப்புகளைத் துடைத்து, காயவைத்து, ஏதோ களிம்பு தடவி மூடினார். வண்டி கிளம்பிவிட்டது. நாத்தனார் அப்போது குளத்தங்கரையில் இருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

சொல்லவில்லை. நாத்தனார் இருந்த சமையலறைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கழுவின பாத்திரத்தையே கழுவிவிட்டு வந்தேன். சொன்னால் பதினெட்டு வருஷப் பேர் போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும், பழியும் அதன் மேலேயே விழும். அது என்ன பாவம் செய்தது?

ஜூன் 24, புதன்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில்.

நாத்தனார் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப வண்டி மேல தப்பே இல்ல?"

"இல்ல அண்ணி."

"நீ கழுவிக் கழுவியே அத நிக்க வச்சிருக்க."

"ஆமா அண்ணி."

"அப்ப விக்க வேண்டியது வண்டிய இல்ல." அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். அப்புறம் எழுந்து போய் வாங்குகிற ஆளுக்கு வரவேண்டாம் என்று போன் செய்தார். கழுவும் மெஷினைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி வண்டி அவர் பொறுப்பு. நான் தொடக்கூடாது. ஓட்டவும் கூடாது.

ஜூலை 2, வியாழன்

தொடர்ந்து மழை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நாத்தனார் குவளையில் தண்ணீர் மொண்டு சக்கரத்துச் சேற்றை மட்டும் கரைக்கிறார். காய்ந்த துணியால் சார்ஜ் ஓட்டையை ஒற்றுகிறார், மூடியைச் சரியாக அழுத்துகிறார். விரிப்பை மேலே மட்டும் போட்டு, பக்கத்தில் காற்றுக்கு விடுகிறார். பத்து நிமிஷ வேலை. நடுநடுவே "வாடா கண்ணு" என்று கொஞ்சல் வேறு. ஏறி உட்காருவது மட்டும் கிடையாது, பக்கத்தில் நடந்துகொண்டே பிடியைத் திருகி நகர்த்திப் போகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

ஜூலை 7, செவ்வாய்

வண்டி இன்னும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சனியன்.

ஜூலை 15, புதன்

கொட்டுகிற மழை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு தட்டு முட்டையோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தூக்கிவாரிப்போட்டது. சத்தமே இல்லாமல் வண்டி வந்து நிற்கிறது. மேலே நாத்தனார், முழுக்க நனைந்து, இரண்டு கையாலும் பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

"ஏறு" என்றார். "சேத்துக் காலோட ஏறாத. கழுவிட்டு ஏறு."

தட்டுகளை வண்டியில் வைத்துவிட்டு, பக்கத்துக் குட்டையில் காலை விட்டேன். விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால்...

"போதும்மா. ரொம்ப கழுவாத."