நோயாளிக்கு ஒரு கூடை ஆரஞ்சு

ஜோகுபாளையம், பெங்களூர்
9-2-1938

என் பிரியமுள்ள பவுலினுக்கு,

இங்கே நான் சுகம். வருகிற சனிக்கிழமை எங்கள் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு ஒரு பஸ் பேசி மைசூர் சுற்றிப் பார்க்க வருகிறோம். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, யூனிவர்சிட்டி காலேஜ்கள் எல்லாம் உண்டு. நீ அன்றைக்கு ஹாஸ்டலை விட்டு வெளியே வராதே. வெயில் கடுமையாம். விவரம் பிறகு எழுதுகிறேன்.

உன் தியோடர்

மைசூர்
14-2-1938

அன்புள்ள அத்தானுக்கு,

பிப்ரவரியில் மைசூரில் ஏது அத்தான் அவ்வளவு வெயில்? சிரித்துக்கொண்டேதான் லைப்ரரிக்குக் கிளம்பினேன். காலேஜ் வாசலில் உங்கள் பஸ் நின்றது. வழிகாட்டி மணிக்கூண்டைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அண்ணாந்து பார்க்க, நீங்கள் மட்டும் கடைசி சீட்டில் குனிந்து பூட்ஸ் நாடா கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குள் உங்கள் ஆபீஸ் டெஸ்மண்டின் சம்சாரம் ஜோசஃபின் அக்கா இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஐயோ பவுலினு, ஆஸ்பத்திரியிலேர்ந்து எப்பம்மா விட்டாங்க? தினம் உனக்காக ஜெபம் பண்றோமே! பாக்கப் போலாம்னா உன் வீட்டுக்காரரு, ஒட்டற வியாதி, வேணாம்னுட்டாரு" என்று அழுதார். கையில் ஒரு கூடை ஆரஞ்சு. மைசூர் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காகக் கொடுத்துவிட்டுப் போக ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து வாங்கியதாம்.

என் கையில் புத்தகங்கள். "போன வாரம்தான் விட்டாங்கக்கா" என்றேன். கொஞ்சம் இருமியும் காட்டினேன். அத்தான், உங்களுக்காக நடுத்தெருவில் இருமினேன்! உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

நான் படிப்பது அவ்வளவு பெரிய வியாதியா?

பவுலின்

ஜோகுபாளையம்
17-2-1938

பவுலின்,

எந்த முகத்தோடு எழுதுவேன்? நான் பி.ஏ.வில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். பெண்டாட்டி அதே பி.ஏ. படிக்கிறாள் என்றால் டெஸ்மண்ட் சும்மா விடுவானா? உன்னைப் படிக்க அனுப்பியதே நான்தான். உள்ளுக்குள் பெருமைதான். ஆனாலும் நீ எங்கே என்று அவன் கேட்டபோது வாயில் ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டது. சீ, என்ன மனுஷன் நான்! மன்னித்துவிடு.

ஒரே ஒரு உபகாரம். ஈஸ்டருக்கு நீ வரும்போது, நீ குணமானதற்காக ஜோசஃபின் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைக்கிறார்கள். கர்த்தர் உன்னைக் குணமாக்கினார் என்று நீ எல்லார் முன்னும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். இரண்டு வார்த்தை போதும். அதோடு இந்தப் பொய் தொலைந்துவிடும்.

தியோடர்

மைசூர்
21-2-1938

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த ஆரஞ்சு என் தொண்டையில் இறங்கவில்லை. நேற்று கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வயதுப் பெண் ஒருத்தி நிஜமாகவே இருமிக்கொண்டிருந்தாள். அவள் படுக்கையில் கூடையை வைத்தேன். "உங்க ஊட்டுல யாருக்கும்மா நோவு?" என்று கேட்டாள். ஒரு பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த மைசூர்பாகும் வாங்கி வருகிறேன். ஜெபத்துக்கும் வருவேன். ஆனால் சாட்சி சொல்ல நான் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. எழுந்து சொல்ல வேண்டியவர் நீங்கள். டெஸ்மண்ட் சிரித்தால் சிரிக்கட்டும், நான் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்போதும் நீங்கள் பூட்ஸ் நாடா கட்டக் குனிந்தால், நான் அன்றைக்கே மைசூர் ரயில் ஏறிவிடுவேன். அதற்கப்புறம் கேட்கிறவர்களிடம் நான் செத்துப்போனேன் என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னும் உங்கள்
பவுலின்