வாய்க்காலில் போன மஞ்சள் அட்டை

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. வில்லியனூர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மதாம் இப்போது நான்தான். என்னைப் போய் மதாம் என்று கூப்பிடுகிறார்கள்! கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என் வகுப்பில் பச்சையம்மா என்று ஒரு வாயாடி. பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கிள்ளாமல் அவளுக்குப் பொழுது போகாது. அவள் ஒரு வாரம் முழுக்க யாரையும் கிள்ளவில்லை. அழுத பிள்ளைக்குத் தன் பலப்பத்தை ஒடித்துப் பாதி கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல நடத்தைக்குக் கொடுக்கிற 'போன் புவேன்' அட்டையில் பிரெஞ்சில் எழுதி, பள்ளிக்கூட முத்திரை குத்திக் கொடுத்தேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அடிப் பாவி, நீயுமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பாகூரில் நமக்கு நடந்தது எனக்கு மறந்துபோகலாமா அம்மா?

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் மதாம் வகுப்பில் உரக்கப் படித்துவிட்டுக் கொடுத்த மஞ்சள் அட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தேன். நீ நடவு வயலில் நின்றாய். முத்திரையைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப்போனது. அப்பா செத்த வருஷம் அப்படி ஒரு முத்திரைக் காகிதம் வந்துதான் ஏரிக்கரை நிலம் நம் கையை விட்டுப் போனது.

"இன்னாடி பண்ணித் தொலச்ச?"

"நல்லா நடந்துக்கினேம்மா. அதுக்குத்தான் குடுத்தாங்க."

"நல்லா நடந்துக்கினா சர்க்காரு ஏன்டி காயிதம் குடுக்குது? யார்கிட்ட கத வுடற?"

மறுநாள் முட்டையிடுகிற கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாய். "தகப்பன் இல்லாத பொண்ணு மதாம். இந்த ஒரு தபா மன்னிச்சுடுங்க" என்று காலில் விழப்போனாய். கோழி உதறிக்கொண்டு மேசைமேல் ஏறியது. வகுப்பே சிரித்தது. மதாமும் சிரித்துவிட்டு, "பயப்படாதீங்க, அது பரிசு" என்றார். அவ்வளவுதான், அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குப் படித்துச் சொல்லவில்லை.

"இத வாயால சொல்லி அனுப்பப்படாதா?" என்று கேட்டாய்.

அழுத என்னை அழைத்துக்கொண்டு திரும்பினாய். வாய்க்கால் ஓரம் வந்ததும், "அதுல இன்னா எழுதிக்குது? படி பாப்பம்" என்று ஆசையாகக் கேட்டாய். எனக்கோ மானம் போன ஆத்திரம். "ஒண்ணும் இல்ல போ" என்று கிழித்து வாய்க்காலில் போட்டேன். நீ அடிக்கவில்லை. கோழியைத் தடவிக்கொண்டே நடந்தாய். அப்புறம் ஒரு நாளும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னோடு இருந்த அத்தனை வருஷத்தில் எனக்கு அதற்கு வாய் வராமல் போனது ஏன்?

பச்சையம்மா வராத இரண்டாம் நாள் சாயங்காலம், கரும்புக் கொல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அவள ஊருக்கு அனுப்பிட்டேன் மதாம். இனிமே பள்ளிக்கூடமே வாணாம்." வைக்கோல் போருக்குப் பின்னால் பச்சையம்மாவின் தலை தெரிந்தது.

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. அதத்தான் எழுதிக் குடுத்தேன்."

அவள் எதிர்த்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தபா சொல்லுங்க மதாம். எதுத்த வூட்டுக்காரிக்குக் கேக்கல" என்றாள்.

மூன்று தபா சொன்னேன் அம்மா! மறுநாள் காலையில் எனக்கு முன்பே பச்சையம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் ஒருத்தியைக் கிள்ளியும் விட்டாள்.

இனி என் கையால் கொடுக்கிற எந்த அட்டையும் தனியாக வீட்டுக்குப் போகாது. வாசலில் நின்று நானே படித்துச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம். முதலில் உனக்கே படிக்கிறேன், கேள்.

அந்த அட்டையில் மூன்று வரி இருந்தது. முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரி, 'நல்ல பிள்ளை'. மூன்றாவதில், நான் யார் பிள்ளை என்று மதாம் எழுதியிருந்தார். நிலத்தைக் கொண்டுபோன காகிதத்தில்கூட அப்பா பெயர்தான் இருந்தது. உன் பெயரை எழுதி முத்திரை குத்தியது அந்த ஒரே அட்டையில்தான் அம்மா. அந்த வரியைக் கீழே அப்படியே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அஞ்சலையின் மகள்