பனியன்ல அம்மா

ஞாயிற்றுக்கிழமை

அம்மா செத்தப்புறம் தம்பி ஆடின மொத மேட்ச், குப்பத்து மணல்ல. அவன் கால்ல பந்து வந்ததுலருந்தே கேமரா பட்டனை விடாம அமுக்கிக்கினே இருந்தேன். கோல் விழுந்தப்போ பஃபர் ரொம்பிடுச்சு. எடுத்ததெல்லாம் கார்டுல ஏறி முடிக்கிற வரைக்கும் அடுத்த படம் விழாது. சிவப்பு லைட்டு மட்டும் எரியுது.

அவன் நேரா என்னாண்ட ஓடியாந்து ஜெர்சியத் தூக்கினான். உள்ள பனியன்ல அம்மா போட்டோ. எனக்கே தெரியாம பிரிண்ட் போட்டு வெச்சிருக்கான்.

"எடுத்துட்டியாக்கா?"

தலையாட்டினேன். அப்புறம்தான் ஜெர்சிய இறக்கினான்.

சாப்பிடும்போது கேட்டான், "அம்மா மூஞ்சி நல்லா வந்துகீதா?"

"நல்லா கீதுடா."

கார்டு முழுக்க அவன் காலும் பந்தும்தான். பனியனைத் தொவைச்சு கொடியில போட்டுட்டுத் தூங்கிட்டான். அம்மா மூஞ்சிலருந்து தண்ணி சொட்டிக்கினே கீது.