அத்தானுக்கு ஆறாவது புத்தகம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. யாரோ ஒரு விமர்சகர் உன் பயணப் புத்தகங்களைக் கோமாளித்தனம் என்று எழுதிவிட்டாராம். நீயும் எழுதுவதை விட்டுவிட்டு, அச்சகத்தில் பிழைதிருத்தப் போகிறாயாம். போவதற்குள் இங்கே நடந்ததைக் கேட்டுக்கொள்.

அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்பது உனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் அவர் அதை நிறுத்தச் சொன்னது தெரியாது. "நாலு மணி நேரம் கூரையப் பாத்துட்டுக் கெடக்கறது ஒரு பொழப்பா? இந்தச் செவ்வாயோட போதும்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் பயந்திருக்கமாட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கு முன்பே நூலகத்திலிருந்து பயணப் புத்தகங்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர், ஏறிய மலையெல்லாம் தன் வீட்டு மாடிப்படி என்பதுபோல எழுதியிருந்தார். இன்னொருவர் சிரிக்க வைத்தார், போன ஊர்க்காரர்களை மட்டம் தட்டி. இரண்டுக்கும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உன் மூன்றாவது புத்தகத்தை எடுத்துப்போனேன். உன்னை ஊர்சுற்றி என்று சொல்லி, இத்தனை வருடமாக உன் ஒரு பக்கத்தைக்கூடத் தொடாதவர். அதனால் செய்தித்தாளில் அட்டை போட்டுவிட்டேன். அந்த ஊர்ப் பேச்சில் நன்றி என்று நினைத்து ஒரு வாரம் முழுக்க 'பசிக்கிறது' என்றே எல்லோரிடமும் சொல்லி, அவர்கள் சோறு போடப் போட நீ மறுபடியும் நன்றி சொன்னாயே, அந்த இடத்தை வாசித்தேன். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் முதலில் சிரித்தார். அப்புறம் அத்தானின் வயிறு குலுங்கியது. ஊசி குத்தியிருந்த கை அசைந்து இயந்திரம் கத்த, சிஸ்டர் ஓடி வந்தார். "சிரிங்க, வேணாங்கல. கைய ஆட்டாம சிரிங்க" என்று திட்டினார்.

உறைந்த ஆற்றில் நீ நடக்கிறாய், காலடியில் பனி விரிசல் விடுகிறது. அந்த இடத்தில் நேரம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன். "விழுந்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

இடுப்பளவு தண்ணீரில் விழுந்த உன்னைக் கோட்டுக் காலரைப் பிடித்து ஆட்டிடையர்கள் இழுத்துப்போட்டதை வாசித்தபோது கையை ஆட்டாமல் தலையை மட்டும் தூக்கினார். "சாம்பல் கலர், ஒரு பாக்கெட் கிழிஞ்சதுன்னா போட்டிருக்கு? அது என் கோட்டுடி. தொலைஞ்சுபோச்சுன்னான் பாவி" என்றார். தலையைத் திரும்பத் தலையணையில் வைத்துக்கொண்டார். பிறகு, "மேல படி" என்றார்.

தம்பி, நீ பயந்ததை மறைப்பதில்லை. சிரிக்கும்போது உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாய். நீ விழும்போது படிக்கிறவன் கால் நனைகிறது. ஐந்தாறு பேரை வாசித்துவிட்டுச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் வாய்த்துவிடவில்லை. அந்த விமர்சகர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்திருப்பார். நாங்கள் படித்த இடம் வேறு.

அத்தான் மெலிந்திருக்கிறார். டாக்டர் சொன்னதைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. உன் ஐந்தாவது புத்தகத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. தீர்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக வாசிக்கிறேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். இதற்கப்புறம் என்ன என்று நேற்றுக் கேட்டார். தம்பி அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கிறான், அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்புவான் என்று சொல்லிவிட்டேன். முதல் அத்தியாயம் எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எந்த ஊர் என்று மட்டுமாவது உடனே எழுது. நீ போகிற வழியெல்லாம் உன்னை இழுத்துவிட நல்ல கைகள் இருக்கட்டும்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா